பத்து வீடு, ஒரு சிப்பம்

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர் குடும்பங்களின் மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு. அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



வீட்டுச் செலவை எப்படிக் குறைப்பது என்று பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். டீயைக் குறையுங்கள், பண்டிகைக்குத் துணி எடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்ட் சம்பளம் வாங்கி, வாடகையும் பிள்ளைகள் படிப்பும் போக மிச்சத்தில் மாதத்தை ஓட்டுகிற வீட்டில் குறைப்பதற்கு என்ன இருக்கிறது? நான் கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்தவன். தராசுக்கு இந்தப் பக்கம் நின்று உங்களைப் போன்றவர்களுக்குப் பல ஆண்டுகள் பொருள் போட்டிருக்கிறேன். அங்கே நின்று பார்த்ததில் எனக்கு உறைத்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அதே துவரம்பருப்புக்கு, அதே எண்ணெய்க்கு, வசதியானவர் கொடுக்கும் விலையைவிட வசதியில்லாதவர் கொடுக்கும் விலை அதிகம்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. டேவிட் கேப்லோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் நியூயார்க்கின் ஏழைக் குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை எப்படி வாங்குகின்றன என்று விசாரித்து, 1963இல் ஒரு புத்தகம் எழுதினார். ஏழைகள்தான் அதிக விலை கொடுக்கிறார்கள் என்பதே அந்தப் புத்தகத்தின் தலைப்பு. அங்கே சோபாவும் டி.வி.யும். இங்கே பருப்பும் சோப்பும்.

எப்படி என்று பார்ப்போம். கணக்குக்காக, பருப்பு கிலோ 140 ரூபாய் என்று வையுங்கள். நூறு கிராம் பொட்டலம் 17 ரூபாய். பத்துப் பொட்டலம் வாங்கினால் கிலோ 170 ஆகிவிடும். மாதம் மூன்று கிலோ ஆகிற வீட்டில் பருப்பில் மட்டும் 90 ரூபாய் போய்விட்டது. மிளகாய்த்தூள், காபித்தூள், சீரகம், கடுகு என்று ஒவ்வொன்றிலும் இதே கதைதான். கையில் முழுப் பணம் இல்லாததால் சின்னதாக வாங்குகிறோம், சின்னதாக வாங்குவதால் கையில் பணம் நிற்பதில்லை. (எல்லாப் பொருளுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஷாம்பூவில் பல நேரங்களில் பாட்டிலைவிடச் சாஷேதான் மலிவு. பாட்டிலில் எத்தனை மில்லி, சாஷேயில் எத்தனை மில்லி என்று ஒருமுறை வகுத்துப் பாருங்கள்.)

அடுத்தது கடன். கடையில் உங்கள் பெயரில் ஒரு நோட்டு இருக்கிறது. சம்பளம் ஏழாம் தேதி வரும். 1936ஆம் ஆண்டின் சம்பளச் சட்டம் ஏழாம் தேதிக்குள் என்றும், ஆயிரம் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் பத்தாம் தேதிக்குள் என்றும் கெடு வைத்தது. அந்தத் தேதியைச் சுற்றித்தான் இந்த வட்டாரத்துச் சந்தையே இயங்குகிறது. சம்பளம் வந்த அன்றே நோட்டுப் பாக்கிக்குப் பாதி போகிறது. மறுநாளிலிருந்து மறுபடியும் நோட்டு. நோட்டில் வாங்குகிறவருக்கு விலை கேட்க வாய் வராது, கொடுத்த சரக்கை மாற்றித் தரச் சொல்ல வாய் வராது, அடுத்த தெருவில் இரண்டு ரூபாய் குறைவு என்றாலும் போக முடியாது. அந்த உரிமைகள் எல்லாம் பாக்கியோடு அடகில் இருக்கின்றன.

இதற்காக நான் கடைக்கார அண்ணாச்சியைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் மண்டியில் கடனுக்கு எடுத்துத்தான் உங்களுக்குக் கடன் கொடுக்கிறார். 2020 ஊரடங்கில் கம்பெனி கேட் மூடியபோது பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்த நோட்டால்தான். காலி செய்துகொண்டு ஊருக்குப் போனவர்கள் வைத்துப்போன பாக்கியும் அவர் தலையில்தான் விழுந்தது. வராக்கடனுக்கான செலவையும் வருகிற வாடிக்கையாளர் கொடுக்கும் விலையில்தானே அவர் சேர்க்க முடியும்? கடனில் வாங்கும் வரை அந்த விலையிலிருந்து நமக்கு விடுதலை கிடையாது.

நோட்டும் நிரம்பிவிட்டால் தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். எட்டாயிரத்து ஐந்நூறுக்கு ஆயிரத்து ஐந்நூறு வட்டி என்று மேலோட்டமாகத் தோன்றும். அசலை நீங்கள் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் வட்டி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அரிசி பருப்புக்காகத் தண்டல் வாங்கிய வீட்டில் அந்த அரிசியின் உண்மையான விலை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வழி என்ன? வழியை நம் மாவட்டத்துக்காரர்களே நூற்றிருபது ஆண்டுக்கு முன் கண்டிருக்கிறார்கள். அதுதான் நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது.

திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூர் என்று ஒரு கிராமம். செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன் பக்கம், நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் என்றால் தெரியும். 1904 ஆகஸ்ட் 30 அன்று அங்கே ஒரு வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. இந்தியாவிலேயே அப்படிப்பட்ட முதல் சங்கம் அதுதான். அதற்கு முன் சென்னை மாகாண அரசு ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி, ஜெர்மனியின் கிராமத்து விவசாயிகள் வட்டிக்காரனிடமிருந்து எப்படித் தப்பித்தார்கள் என்று பார்த்துவரச் செய்தது. அவர் 1895லும் 1897லும் இரண்டு பெரிய அறிக்கைகள் கொடுத்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்த சில மாதங்களில், நாட்டின் பெரிய நகரங்கள் எல்லாம் இருக்க, திரூர் முந்திக்கொண்டது.

அதே 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்னொரு காரியம் நடந்தது. மளிகைச் சாமானைக் கூட்டாக வாங்கி உறுப்பினர்களுக்கு நியாய விலையில் கொடுக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், சுருக்கமாக டியூசிஎஸ். இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவுக் கடை அது. தேனாம்பேட்டையில் காமதேனு பல்பொருள் அங்காடி என்று பார்த்திருப்பீர்களே, அதை நடத்துவது இந்தச் சங்கம்தான்.

இந்த மாதிரிக் கடைகளுக்கெல்லாம் முன்மாதிரி இங்கிலாந்தில் ராச்டேல் என்ற மில் ஊர். நம் கும்மிடிப்பூண்டி மாதிரியே புகைபோக்கிகள் நிறைந்த ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் மாவில் கலப்படம் செய்வார்கள், எடையில் குறைப்பார்கள், கடன்பட்ட தொழிலாளி வாய் திறக்க முடியாது. நெசவாளர்கள் உட்பட 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து, 1844 டிசம்பர் 21 அன்று டோட் லேன் என்ற சந்தில் ஒரு கடை திறந்தார்கள். வைத்திருந்த சரக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி. அவ்வளவுதான். ஆனால் அவர்கள் வைத்த நிபந்தனைகளைப் பாருங்கள். கடன் கிடையாது, ரொக்கம் மட்டும். எடை சரியாக இருக்க வேண்டும். கலப்படம் கூடாது. கிடைக்கும் லாபம், யார் எவ்வளவு பங்குப் பணம் போட்டார் என்பதைப் பார்த்தல்ல, யார் எவ்வளவு சாமான் வாங்கினார் என்பதைப் பார்த்துப் பிரிக்கப்படும். அந்தக் கடைசி விதிதான் உயிர். நிறைய வாங்குகிற பெரிய குடும்பத்துக்கு நிறையத் திரும்பி வரும்.

பழங்கதை போதும், இன்றைக்கு வருவோம்.

நம் தெருவில் ஏற்கெனவே நிற்கிற மலிவான கடை ரேஷன் கடை. அதைக்கூட நாம் முழுதாகப் பயன்படுத்துவதில்லை. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த அரிசி, 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. மூன்று பெரியவர்களும் அதற்கு மேலும் இருக்கிற அரிசி அட்டைக்கு மாதம் குறைந்தது 20 கிலோ. அந்த்யோதயா அட்டைக்கு 35. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த இரண்டையும் மட்டும் வாங்கினாலே வெளிக்கடை விலையோடு பார்த்தால் மாதம் நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் மிச்சம். "ஸ்டாக் இல்லை, அப்புறம் வா" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிவிட்டு, அந்த மாதம் பருப்பே வாங்காமல் விடுகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விடாதீர்கள். ஒரே தெருவில் பத்துப் பேர் இருக்கிறீர்கள். லோடு வந்ததும் முதலில் பார்க்கிறவர் மற்றவர்களுக்கு போன் போட்டால் முடிந்தது. அதோடு, பில் போட்டதும் உங்கள் போனுக்கு எஸ்எம்எஸ் வருகிறது. அதைப் படியுங்கள். வாங்காத பாமாயிலுக்கு பில் விழுந்திருந்தால் 1967 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், கட்டணம் இல்லை.

ரேஷன் அரிசியைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது, அதைத் தீர்த்துவிட்டுப் போகிறேன். முறத்தில் அரிசியைக் கொட்டிப் புடைக்கும்போது சில மணிகள் மட்டும் கொஞ்சம் வெளுப்பாகவோ மங்கலாகவோ தனித்துத் தெரியும். தண்ணீரில் போட்டால் மிதக்கவும் செய்யும். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிறவர்கள் உண்டு. அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவத்தில் அச்சில் பிழிந்து செய்த செறிவூட்டிய மணி. நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தது. ரத்தசோகை உள்ள பெண்கள் அதிகம் இருக்கும் வீட்டில் அதைப் பொறுக்கி எறிவது மருந்தை எறிவது. சாப்பாட்டுக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தப் புழுங்கலை இட்லிக்கு ஊறப்போடுங்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். கடையில் மாவு பாக்கெட் வாங்குகிற காசு அப்படியே நிற்கும்.

அரிசியை விற்றுவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சொற்ப விலைக்கு வாங்குகிறவர்கள் அதை ஆரம்பாக்கம், எளாவூர் வழியாக ஆந்திரா பக்கம் கடத்துகிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த அரிசி பாலிஷ் போட்டு, பை மாற்றி, கிலோ ஐம்பது அறுபதுக்கு நம் தெருவுக்கே திரும்பி வரும்.

நம் பக்கத்து லைன் வீடுகளில் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்துத் தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. ஊரில் முன்னுரிமை அட்டையில் பெயர் இருந்தால், இங்கே எந்த ரேஷன் கடையிலும் விரல் வைத்து, தலைக்கு ஐந்து கிலோ தானியத்தை வாங்கிக்கொள்ளலாம். 2023 ஜனவரியிலிருந்து அதற்குக் காசும் கிடையாது. தன் பங்கை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டு, மனைவி பிள்ளைகளின் பங்கை ஊரிலேயே எடுக்க விடலாம். இது தெரியாமல் கடையில் சில்லறை அரிசி வாங்குகிற தம்பிகள் எத்தனையோ பேர். மொழி தெரியாமல் தயங்கி நிற்பார்கள். நீங்கள் ரேஷன் வாங்கப் போகும்போது ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று 2016இல் ஆணை வந்தது. ஒரே இணைப்பிலிருந்து ஆறு அறைக்குக் கிளை மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு ஒரே ரேட் வாங்குகிற இடத்தில் அந்த நூறு யூனிட் உங்களுக்கு வந்து சேர்வதே இல்லை. வாடகை பேசும்போதே இதையும் பேசுங்கள். நாலு வாடகைதாரர் சேர்ந்து கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

இனி கடையில் நிற்கும்போது. பாக்கெட்டில் எம்ஆர்பி மட்டும் பார்க்காதீர்கள். பாக்கெட் பொருள்களுக்கான எடையளவு விதிகளை 2021இல் மத்திய அரசு திருத்தியது. அதன்படி ஒரு கிராமுக்கு என்ன விலை, ஒரு மில்லிக்கு என்ன விலை என்றும் அச்சிட வேண்டும். எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். என் கண்ணுக்கு இந்த நாட்டில் நுகர்வோருக்குக் கிடைத்த நல்ல ஆயுதங்களில் அது ஒன்று, யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் எத்தனை ஆண்டாக ஐந்து ரூபாயாகவே இருக்கிறது? விலை ஏறவில்லை, பிஸ்கட்தான் குறைந்துகொண்டே வந்தது. எண்ணெயிலும் அப்படித்தான். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை இருக்கும். பக்கத்திலேயே அதே அகலம், அதே உயரத்தில் 850 கிராம் பாக்கெட் ஐந்து ரூபாய் குறைவாகத் தொங்கும். மலிவு என்று எடுப்போம். அறுபது கிராம் எண்ணெய் அந்த ஐந்து ரூபாயைவிட மதிப்பு அதிகம். அதேபோல, 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பூ, பற்பசை, தலைக்கு வைக்கிற எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. உங்கள் கடையில் அந்தக் குறைவு வந்திருக்கிறதா என்று பார்க்கவும் இந்தக் கிராம் கணக்கே துணை.

அரிசிச் சிப்பத்தில் ஒரு வேடிக்கையான மாற்றம் நடந்தது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பை கட்டி லேபிள் ஒட்டி விற்கிற அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேல் போனால் வரி இல்லை. உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் கட்ட ஆரம்பித்தார்கள். செங்குன்றத்து மண்டிகளில் இன்று 26 கிலோ சகஜம். ஆயிரத்து முந்நூறு ரூபாய்ச் சிப்பத்துக்கு 5 சதவீதம் என்றால் அறுபத்தைந்து ரூபாய். ஒரு கிலோ அரிசி கூட வாங்கினால் வரி போய்விடுகிறது. ஆனால் அந்தச் சலுகை சிப்பமாக வாங்க முடிகிறவருக்கு மட்டும்தான் கிடைக்கிறது. ஐந்து கிலோ பை வாங்குகிற நீங்கள் வரி கட்டுகிறீர்கள்.

அப்படியானால் நாமும் சிப்பமாக வாங்க வேண்டும். தனி ஒரு வீட்டால் முடியாது. பத்து வீட்டால் முடியும்.

அதற்கான முதல் பணம் எங்கே என்று கேட்பீர்கள். 2023 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய், மாத நடுவில் கணக்கில் விழுகிறது. சம்பளம் வந்து கரைந்துபோய், கடை நோட்டில் பாக்கி ஏறுகிற நேரம் அது. அந்த ஆயிரத்தில் ஐந்நூறை, ஒரே மாதம் மட்டும், பத்துப் பெண்கள் சேர்த்து வையுங்கள். ஐயாயிரம் ரூபாய். அதற்குப் பருப்பையும் புளியையும் மிளகாயையும் மொத்தவிலைக் கடையில் வாங்கி, உங்களுக்குள் ரொக்கத்துக்கு எடை போட்டுக்கொள்ளுங்கள். விற்ற பணம் மறுபடி ஐயாயிரமாகப் பெட்டியில் நிற்கும். அடுத்த மாதம் யாரும் புதிதாகப் போட வேண்டியதில்லை. பொன்னேரிக்கோ வேறு சந்தைக்கோ போகிற செலவும் பெண்களுக்கு இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாதே. ஆண்களுக்கு ஒரு வேலை: சுமை தூக்க ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்கள்.

"நம்மால் ஆகுமா, பணத்தில் சண்டை வரும்" என்று முன்வரிசையில் ஒரு அம்மா தலையை ஆட்டுகிறார். அம்மா, தீபாவளிச் சீட்டு நீங்கள் கட்டுகிறீர்கள்தானே? மாதா மாதம் கட்டி, தீபாவளிக்கு எண்ணெய், மாவு, சர்க்கரை, பட்டாசு என்று வாங்குகிறீர்கள். சேர்ந்து வாங்குகிற பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் உள்ள ஆபத்து ஒன்றுதான். பன்னிரண்டு மாதப் பணம் ஒருவர் கையில் தங்குகிறது, கணக்கு அவர் மனதில் இருக்கிறது. பணம் கட்டி ஏமாந்த வீடுகள் நம் மாவட்டத்தில் உண்டு. நான் சொல்கிற முறையில் பணம் ஒரு வாரத்துக்கு மேல் பணமாகவே நிற்காது, பருப்பாகிவிடும். பருப்பைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓட முடியாது. இருந்தாலும் மூன்று விஷயத்தை எழுதி ஒட்டுங்கள். பணம் வைத்திருப்பவர் வேறு, நோட்டு எழுதுபவர் வேறு. கொள்முதல் பில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். கடன் யாருக்கும் கிடையாது, தலைவிக்கும் கிடையாது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில் தொடங்கியதிலிருந்து இந்த மாநிலத்துப் பெண்கள் நோட்டு எழுதிப் பழகியவர்கள்தான். குழு இருக்கிறவர்கள் அதே குழுவிலேயே இதைச் செய்யலாம்.

ரொக்கத்துக்கு மட்டும் என்ற விதியில் ஒரு கஷ்டம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வேலை போன வீடு, ஆஸ்பத்திரியில் கிடக்கிற வீடு, அவர்களுக்குத்தான் சாமான் முதலில் வேண்டும், அவர்களிடம்தான் ரொக்கம் இருக்காது. அதனால் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வைத்து விற்றுக்கொள்ளுங்கள். சேருகிற அந்தப் பணத்தைத் தனி உண்டியலில் போட்டு, அப்படிப்பட்ட வீட்டுக்கு அந்த மாதச் சாமானைக் கொடுங்கள். அவர்கள் பெயரில் பாக்கி என்று எழுதாதீர்கள்.

எடைக்கு மின்னணுத் தராசு வாங்கினால் எடையளவுத் துறையின் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். முதல் கொள்முதலில் எல்லாவற்றையும் வாங்க ஆசைப்படாதீர்கள். துவரம்பருப்பு, வரமிளகாய், புளி, இந்த மூன்றோடு நிறுத்துங்கள். பருப்பை வாங்கியதும் ஒரு நாள் வெயிலில் காயவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் வண்டு வராது. வாசலில் ஒரு மேசை போட்டு நோட்டு வைத்திருக்கிறோம். எந்தத் தெரு, உங்கள் வீட்டுக்கு மாதம் எத்தனை கிலோ பருப்பு என்பதை மட்டும் எழுதிவிட்டுப் போங்கள். ஒரே தெருவில் பத்துப் பெயர் சேர்ந்ததும், அந்தத் தெருக்காரர்களோடு சந்தைக்கு வர நான் தயார்.